வாய்ச்சொல்லும் பொதுப்பணமும்
உள்ளாட்சிக்குச் சரக்கு கொடுப்போர் அறிய வேண்டிய சட்டம்



நம் பகுதியில் மளிகை வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. தறிப்பட்டறைக்காரர் சம்பள நாளில் தருவதாகச் சொல்வார். பற்று நோட்டில் எழுதிக்கொள்வோம். சில்லறைக் கடைக்காரர் அடுத்த லோடு எடுக்கும்போது பழைய பாக்கியைத் தீர்ப்பதாகச் சொல்வார். மூட்டையை ஏற்றி விடுவோம். கையெழுத்துக் கேட்டால், "ஏனுங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கோபித்துக் கொள்வார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள் நிறைந்த ஊர் என்பதால் இதில் நாம் பெரிதாகக் கெட்டுப் போனதில்லை.

ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் இந்த முறை செல்லாது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்ற உள்ளாட்சி அமைப்புதான் அந்த வாடிக்கையாளர். நம் கருமத்தம்பட்டி 2021-ஆம் ஆண்டில் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. ஊர் பெருகப் பெருக உள்ளாட்சி வாங்கும் பொருள்களும் பெருகும். பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, பினாயில், விளக்குமாறு, கயிறு என்று பலவும் நம்மைப் போன்ற கடைகளிலிருந்தே போகின்றன. அப்படிக் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டத்தை என் அறிவுக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். பணத்தை இழந்து கற்றுக்கொண்ட பாடம் இது.

நான் கற்ற பாடம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மழை. சாக்கடை நீர் தெருவில் ஏறி, காய்ச்சல் பரவுமோ என்று எல்லோரும் பயந்திருந்த நேரம். ஓர் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். "அவசரமுங்க, சரக்கை அனுப்பி வைங்க. பில்லை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அலுவலர். நல்ல மனிதர், ஊருக்காகத்தான் கேட்டார். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் மூன்று நடையாக அனுப்பினேன். மொத்தம் 18,640 ரூபாய். இறக்கிய சீட்டில் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. வண்டிக்காரர் வந்து "இறக்கியாச்சுங்க" என்றார், அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்த அலுவலர் மாறுதலாகிப் போனார். புதியவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க குடுத்தது நெசமா இருக்கலாமுங்க. ஆனா பைல்ல ஒரு காகிதமும் இல்லீங்களே. நான் கையெழுத்துப் போட்டா தணிக்கையில என் சம்பளத்துல புடிப்பாங்க" என்றார். நான் சண்டை போடவில்லை. மரியாதையாகப் போய்ப் போய்க் கேட்டேன். அடுத்த மாதம், மார்ச் முடியட்டும், புது பட்ஜெட் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான்காம் ஆண்டில் கோவையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கேஸ் இருந்துச்சுங்க. மூணு வருசம் தாண்டிப் போச்சு. இப்ப இல்லை."

சட்டம் எனக்கு ஒரு வழி வைத்திருந்தது; அது தெரியாமல் காலம் கடத்தியது நான். இந்தக் கட்டுரை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அலுவலரின் சொல் ஏன் போதாது?

தனி மனிதர் தம் பணத்தைத் தாம் விரும்பியபடி செலவு செய்யலாம். சட்டம் எதைத் தடுக்கவில்லையோ அதையெல்லாம் அவர் செய்யலாம். உள்ளாட்சி அமைப்பு அப்படியல்ல. அது சட்டத்தால் பிறந்தது. சட்டம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதை மட்டுமே, சொன்ன முறையில் மட்டுமே செய்ய முடியும்.

அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்து உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்ட நிலையைக் கொடுத்தன. அதன்பின் கிராம ஊராட்சிகளுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் நெடுங்காலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் இருந்தன. 1998-இல் இயற்றப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

இந்தச் சட்டங்களும் விதிகளும் யார் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம், எதற்கு மேல் மன்றத் தீர்மானம் வேண்டும் என்று வரம்பு கட்டுகின்றன. கிராம ஊராட்சியை எடுத்துக்கொண்டால், பணம் எடுப்பதற்குத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்பது 1994 சட்டத்தின் ஏற்பாடு. தலைவர் ஒருவர் மட்டும் "அனுப்புங்க" என்று சொன்னதை நம்பிச் சரக்கு அனுப்பினால், இருவருக்கும் மனத்தாங்கல் வந்த நாளில் நம் பில் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மன்றமே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. மன்றத்தின் அதிகாரம் தனி அலுவலர் கையில் இருந்தது. அந்த நாளில் முன்னாள் கவுன்சிலரின் வாய்ச்சொல்லை நம்பி யாராவது சரக்கு கொடுத்திருந்தால், அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. ஆகவே ஆர்டர் கொடுப்பவர் எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பதைவிட, அன்றைய தேதியில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று பார்ப்பதே முக்கியம்.

வெளிநாட்டிலும் இதே கதை

இந்த முறை நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல. நாம் இதைப் பெற்றுக்கொண்டது ஆங்கிலேயர் சட்டத்திலிருந்து. அங்கே லீமிங்டன் நகர வழக்கு ஒன்று 1883-இல் பிரபுக்கள் சபை வரை போயிற்று. 50 பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் நகராட்சியின் முத்திரையோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்துவிட்டார். நகராட்சியும் அதை அனுபவித்தது. ஆனால் முத்திரை இல்லை. பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. கேட்கவே கொடுமையாக இருக்கிறது அல்லவா?

நூறு ஆண்டு கழித்து இதே இடியில் பெரிய வங்கிகள் சிக்கின. 1980-களில் லண்டனில் ஹாமர்ஸ்மித் உள்ளாட்சி, வட்டி விகிதம் ஏறுமா இறங்குமா என்பதை வைத்து வங்கிகளோடு ஏராளமான ஒப்பந்தங்கள் செய்தது. அப்படி ஒப்பந்தம் செய்யும் அதிகாரமே உள்ளாட்சிக்குச் சட்டத்தில் இல்லை என்று 1991 ஜனவரியில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்கள் அத்தனையும் செல்லாமல் போயின. எதிர்பார்த்த லாபம் போயிற்று. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதற்கே வங்கிகள் பல ஆண்டு வழக்காட வேண்டி வந்தது. ஊதியம் கொடுத்து வழக்கறிஞர்களை வைத்திருக்கும் வங்கிகளே "இந்த அமைப்புக்கு இதைச் செய்ய அதிகாரம் உண்டா?" என்று முதலில் பார்க்கத் தவறினார்கள் என்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் எம்மாத்திரம்!

நம் சட்டம் வைத்திருக்கும் வழி

இங்கேதான் நம் நாட்டுச் சட்டம் வியாபாரிக்கு ஓர் ஆறுதல் வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆம் பிரிவு. ஒருவர் மற்றொருவருக்குச் சட்டபூர்வமாக ஒரு பொருளைக் கொடுத்து, அதை இலவசமாகக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லாமல் இருந்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தும் விட்டால், அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். இதுவே அந்தப் பிரிவின் சாரம்.

இதைப் பொது அமைப்புகளுக்கும் பொருத்திக் காட்டிய பெரிய வழக்கு மேற்கு வங்காளத்தில் நடந்தது. 1944-ஆம் ஆண்டு, வங்காளப் பஞ்சம் நாட்டை உலுக்கிய காலம். உணவுப் பொருள் வழங்கல் துறைக்காக அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் ஆரம்பாக், கானாகுல் ஆகிய ஊர்களில் சரக்குக் கிடங்குக் கொட்டகையும் மண் சாலையும் காவலர் அறையும் கட்டிக் கொடுத்தது. துறை அவற்றைப் பயன்படுத்தியது. 19,325 ரூபாய்க்குப் பணம் கேட்டபோது, சட்டம் சொல்லும் முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று அரசு கையை விரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தம் செல்லாது என்பது சரி. ஆனால் கொட்டகையை ஏற்றுக்கொண்டு அனுபவித்த அரசு 70-ஆம் பிரிவின்படி ஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. பின்னர் பூனா மாநகராட்சி வழக்கில், 1970-இல், உள்ளாட்சி அமைப்புக்குச் சரக்கு கொடுத்த வியாபாரிக்கும் இதே கொள்கை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்தப் பிரிவைப் பற்றி மூன்று விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும்.

ஒன்று: சரக்கு போய்ச் சேர்ந்ததையும் அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். இறக்கிய சீட்டில் கையெழுத்தும் தேதியும் அலுவலக முத்திரையும் இருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. எனக்கு அது இல்லை.

இரண்டு: கிடைப்பது நியாயமான ஈடு. நாம் பில்லில் போட்ட விலையும் வட்டியும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்று: காலக்கெடு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடன் தவணை குறிப்பிடாமல் விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை குறிப்பிட்டிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. வாயால் "தருகிறோம்" என்று நூறு முறை சொன்னாலும் கெடு நீளாது. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். 18-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உள்ளாட்சிச் சட்டங்கள் சிலவகை வழக்குகளுக்கு முன்னறிவிப்பும் குறுகிய கெடுவும் விதிப்பதுண்டு. ஆகவே பில் மாட்டிக்கொண்டால் முதல் ஆண்டிலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

டெண்டர் எதற்கு?

"தெரிந்த கடையில் வாங்கினால் போதாதா, எதற்கு இத்தனை டெண்டர்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி அமைப்புகளின் கொள்முதலுக்கும் அது பொருந்தும். இயற்கைச் சீற்றத்தின்போதும் அரசு அறிவிக்கும் அவசர நிலையிலும் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் தொலைபேசியில் ஒருவர் "அவசரம்" என்று சொல்வது அந்த விலக்காகாது. விலக்கு இருக்கும்போதும் எழுத்தில் உத்தரவு கேட்பதே நமக்குப் பாதுகாப்பு.

டெண்டரில் போட்டியிட்டு நியாயம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பம்பாய் விமான நிலைய வழக்கு இதற்கு நல்ல பாடம். அங்கே உணவகம் நடத்த டெண்டர் விட்டபோது, இரண்டாம் தரப் பதிவுபெற்று ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டல்காரர் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கடைசியில் கேன்டீன் நடத்திய அனுபவம் மட்டும் உள்ளவருக்குக் கொடுத்தார்கள். பொது அமைப்பு தானே போட்ட நிபந்தனையைத் தானே மீறக்கூடாது என்று நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியது. ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதித்து வந்தார். அதற்குள் எதிர்த்தரப்பு பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டது. அவருக்கு இதில் நேரடி அக்கறை இருப்பதாகவும் நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை. சட்டத்தில் கொள்கை அவர் பக்கம் நின்றது. பலன் மட்டும் வரவில்லை. கெடுவைத் தவறவிட்ட என் கதையும் அதுவே.

வரி விஷயத்தில் எச்சரிக்கை

இன்று சரக்கு கொடுப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாத வரியைக் கட்ட வேண்டும். உள்ளாட்சியில் பில் ஓராண்டு தூங்கினால், நம் சரக்கும் போய், வரியும் நம் கைக்காசில் போகிறது. உத்தரவு இல்லாமல் சரக்கு கொடுப்பதன் நஷ்டம் இதனால் இரட்டிப்பாகிறது.

ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால், உள்ளாட்சி அமைப்பு 2 சதவீதத்தைப் பிடித்தம் செய்துதான் பணம் தரும். இது 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பிடித்தம் நஷ்டமல்ல. நம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். அதை இணையதளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைக் கணக்கரிடம் நினைவூட்டுங்கள்.

சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சேர்க்கை வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே என்று மத்திய அரசின் உத்தரவு கூறியது. வாங்கி விற்கும் நம்மைப் போன்றவர்கள் 45 நாள் சட்டத்தை நம்பிக் கடன் கொடுத்து ஏமாந்துவிடக் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எழுத்தில் உத்தரவு இல்லாமல் சரக்கை ஏற்றாதீர்கள். உத்தரவில் எண், தேதி, பொருள், அளவு, விலை, கையொப்பமிட்டவரின் பதவி ஆகியவை இருக்க வேண்டும். நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் அலுவலகத்திலிருந்து அது வர வேண்டும்.

2. மன்றத் தீர்மானம் தேவைப்படும் தொகையா என்று கேளுங்கள். தேவை என்றால் தீர்மான எண்ணும் தேதியும் உத்தரவில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. சரக்கு இறக்கிய சீட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் கையொப்பம், தேதி, முத்திரை வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்த பக்க எண்ணையும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

4. பில்லை அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். நினைவூட்டுக் கடிதங்களை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.

5. மூன்று மாதம் பில் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கோப்பு யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இருப்புப் பதிவேட்டின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அந்த நகல் நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் சாட்சியாகும்.

6. சரக்கு கொடுத்த தேதியிலிருந்து இரண்டாம் ஆண்டு முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளுக்குள் பணமோ, பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதமோ வராவிட்டால், வழக்கறிஞர் மூலம் நோட்டீசு அனுப்பியாக வேண்டும்.

காகிதம் கேட்பது அவமரியாதை அல்ல

கடைசியாக ஒன்று. எனக்குப் பணம் தராத அந்தப் புதிய அலுவலர்மேல் பல ஆண்டு எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர் கையிலிருந்தது அவருடைய பணமல்ல. நீங்களும் நானும் கட்டிய சொத்து வரி, தொழில் வரி. ஒருவர் வாய்ச்சொல்லுக்கு அந்தப் பணம் வெளியே போகும் என்றால், சரக்கே இறக்காதவன் பில்லுக்கும் அது போகும். நம்மை வாட்டுகிற அதே விதிதான் நம் வரிப்பணத்தைக் காவல் காக்கிறது.

ஆகவே அலுவலரிடம் உத்தரவு கேட்கத் தயங்காதீர்கள். நல்ல அலுவலர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாளை தணிக்கையில் அவரைக் காப்பாற்றப் போவதும் அந்தக் காகிதம்தான். ஊருக்கு உண்மையிலேயே ஆபத்து வந்து, உத்தரவு எழுத நேரமில்லை என்றால் என்ன செய்வது? என் வழக்கத்தைச் சொல்கிறேன். அப்போதும் சரக்கு அனுப்புவேன். ஆனால் வண்டியோடு ஒரு கடிதமும் போகும்: "தங்கள் அலுவலகத்திலிருந்து இன்ன தேதியில், இன்ன நேரத்தில் கேட்டுக்கொண்டபடி, இன்ன விலைக்கு, இலவசமாக அல்லாமல் இந்தச் சரக்கை அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பவும்." கீழே வாங்கியவர் கையெழுத்து. 70-ஆம் பிரிவு கேட்பது அவ்வளவும் அந்த நான்கு வரியில் இருக்கிறது.

18,640 ரூபாய் எனக்குத் திரும்பி வரவில்லை. அந்த நான்கு வரியை அன்றே எழுதியிருந்தால் வந்திருக்கும். நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் அதை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.